தகரக் கூரையின் கீழே ஒரு கணினி

பெங்களூரின் ஈஜிபுராவில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டை மாடியில், முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மோட்டார் வைப்பதற்கென்று கட்டப்பட்டு, பின்பு உடைந்த நாற்காலிகளும் பழைய பாத்திரங்களும் கிடக்கும் இடமாகி, மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்காரரின் தயவால் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் சாயங்காலம் கூடிப் படிக்கும் இடமாக மாறிய ஓர் அறை இருக்கிறது. சுவர்கள் ஹாலோ பிளாக், கூரை தகரம், தெற்கே பார்த்த ஒரே ஒரு ஜன்னல். கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போய்வரும் தாய் தந்தையரின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அங்கே வருகிறார்கள். வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் அரைகுறை ஆங்கிலமுமாக மூன்று பாஷைகளுக்கு நடுவே வளரும் அந்தக் குழந்தைகளுக்கு ஒரு கணினி இருந்தால் பிரயோஜனப்படுமே என்று எண்ணி, என் அக்கா மகன் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ராஸ்பெரி பை 4 வாங்கி, யாரோ தள்ளிவிட்ட பழைய திரை ஒன்றில் அதை இணைத்துக் கொடுத்தான். 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரே பலகையில் கணினி முழுவதும் அடங்கியிருப்பதைக் கண்டு குழந்தைகள் அடைந்த ஆச்சரியத்தை நான் மறக்க முடியாது.

சென்ற ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், பள்ளி விடுமுறையாதலால் பிற்பகலிலேயே வந்து கணக்குப் பாடக் காணொளி பார்த்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னைக் கூப்பிட்டு, "தாத்தா, காலையில நல்லா ஓடுது, மத்தியானம் ஆனா தூங்கி வழியுது. நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டாள். அவள் ஒன்றையும் தப்பாக அமுக்கவில்லை. பலகையை மூடியிருந்த பிளாஸ்டிக் பெட்டியின் மேல் கை வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான பால் செம்பைத் தொட்டாற்போல் இருந்தது. அந்தக் கணினியில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தால் அதன் மூளையாகிய சில்லின் உஷ்ணத்தை அதுவே எண்ணாகச் சொல்லும். தட்டிப் பார்த்தபோது 84 டிகிரி என்று வந்தது. அறையில் அப்போது 38 டிகிரி.

இந்த யந்திரம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்படி ஆக்கப்பட்டிருக்கிறது. சில்லின் உஷ்ணம் 80 டிகிரியை எட்டியதும் அது தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கத் தொடங்கும். 85-ஐத் தொட்டால் இன்னும் கடுமையாகக் குறைத்துக்கொள்ளும். எரிந்து போவதைவிட மெதுவாக நடப்பது நல்லது என்ற விவேகம் அதில் இருக்கிறது; அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேகம் குறைந்திருக்கிறது என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதருக்குத் தெளிவாகத் தெரிவிக்கும் ஏற்பாடு போதவில்லை. கட்டளை தெரிந்தவன் கேட்டால் சொல்லும். தெரியாத குழந்தை கேட்க வழியில்லை. அதனால் காணொளி திக்கும், எழுத்துக்கள் விரலுக்குப் பின்னால் நொண்டி வரும், அந்தக் குழந்தை தன் கையிலோ தன் புத்தியிலோ ஏதோ குற்றம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை யந்திரத்தைத் திட்டுவான். இல்லாத வீட்டுப் பெண் தன்னைத் திட்டிக்கொள்கிறாள். ஒரு சிறு கணினியின் சூட்டைப் பற்றிப் பத்திரிகையில் எழுத நான் துணிந்ததற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நினைக்கிறேன்.

சூடு எங்கிருந்து வருகிறது? கணினி செலவழிக்கும் மின்சாரம் அனைத்தும், ஒரு துளியும் மிச்சமில்லாமல், கடைசியில் உஷ்ணமாகத்தான் மாறுகிறது. ராஸ்பெரி பை 4 முழு மூச்சாக வேலை செய்யும்போது ஏறக்குறைய ஆறு ஏழு வாட் செலவழிக்கும். நம் வீடுகளில் இரவெல்லாம் எரியும் பழைய ஜீரோ வாட் பல்பு, பெயர் அப்படி இருந்தாலும், உண்மையில் பதினைந்து வாட் எடுப்பது. அதில் பாதி கூட இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அந்தப் பல்புக்குக் கைக்கு அடங்கும் அளவுள்ள கண்ணாடிப் பரப்பும், தன்னைச் சுற்றித் தாராளமாக ஓடும் காற்றும் இருக்கின்றன. கணினிச் சில்லோ ஒரு பெரிய தபால் தலையின் அளவுகூட இல்லாதது; அதையும் கொண்டுபோய்க் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அடைத்து வைக்கிறோம். காற்று ஓடினால்தான் வெப்பத்தைச் சுமந்து செல்லும். அடைபட்ட காற்று, கம்பளிக்குள் அகப்பட்ட காற்றைப் போல, வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெப்பத்தைக் கடத்தும் திறத்தில் அது அலுமினியத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு தாழ்ந்தது. பிளாஸ்டிக்கும் அதற்கு உறவுதான். அழகுக்காகவும் பாதுகாப்புக்காகவும் என்று சொல்லிக் கடையில் கொடுக்கும் அந்த டப்பா, மே மாதத்தில் குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டுவிடுவதற்குச் சமானம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் இதில்தான் ஏமாறுகிறார்கள். சில்லின் உஷ்ணம் என்பது அறையின் உஷ்ணத்தின் மேல் ஏறி நிற்கும் ஒரு கூட்டுத்தொகை. அறை ஒரு டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். இருபது டிகிரி அறையில் வைத்துச் சோதித்து, எழுபது டிகிரிக்கு மேல் போகவில்லை, கவலை வேண்டாம் என்று ஒருவர் எழுதினால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே பலகை, அதே டப்பாவோடு, நாற்பது டிகிரி அறைக்கு வந்தால் தொண்ணூறை நோக்கிப் போகும், அதற்கு முன்பே தன் வேகத்தை இழந்துவிடும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் வடிவமைக்கப்படும் இந்த யந்திரம் அந்தத் தேசத்தின் சீதோஷ்ணத்தைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டிருப்பது இயல்பே. ராஸ்பெரி பை 4 விற்பனைக்கு வந்தது 2019 ஜூன் 24-ஆம் தேதி. ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, ஜூலை 25-ஆம் தேதியன்று, அதே கேம்பிரிட்ஜின் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 38.7 டிகிரி பதிவாகி, அந்நாள்வரை பிரிட்டனில் காணாத வெயில் என்று அந்தத் தேசமே பேசியது. அவர்களுக்குச் சரித்திரமான அந்த எண், எங்கள் தகரக் கூரை அறைக்கு ஏப்ரல் மாதத்தின் சாதாரணப் பிற்பகல்.

பெங்களூர் குளிர்ச்சியான ஊர் என்ற பழைய நம்பிக்கையும் இதில் நமக்குத் துணை வருவதில்லை. 2016 ஏப்ரலில் இந்நகரில் 39.2 டிகிரி பதிவானது. 2024-இன் கோடையும் அதற்கு அதிகம் பின்தங்கவில்லை. போதாக்குறைக்கு, சமுத்திர மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோமாதலால், இங்கே காற்றின் அடர்த்தி சென்னைக் காற்றைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்த காற்று வெப்பத்தைச் சுமந்து செல்லும் சக்தியிலும் குறைந்தது. மலைமேல் இருப்பதன் சுகத்தை நம் உடம்பு அநுபவிக்கிறது. யந்திரத்துக்கு அந்த அநுகூலம் முழுவதும் கிடைப்பதில்லை.

ஆதியில் இந்தச் சில்லின் வம்சம் குளிர்ச்சிக்குப் பேர்போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற நிறுவனத்தில் சோஃபி வில்சன் என்ற அம்மையாரும் ஸ்டீவ் ஃபர்பர் என்பவரும் ஏஆர்எம் சில்லை வடிவமைத்தபோது, அது ஒரு வாட்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று தங்களுக்குத் தாங்களே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார்கள். காரணம் மிகவும் லௌகிகமானது: சூடு அதிகமானால் சில்லை விலையுயர்ந்த பீங்கான் உறையில் வைக்க வேண்டும், சூடு குறைந்தால் மலிவான பிளாஸ்டிக் உறையே போதும். 1985 ஏப்ரல் 26-ஆம் தேதி முதல் சில்லு வந்து சேர்ந்து, அதைப் பலகையில் பொருத்தி ஓட்டியபோது அது சரியாகவே ஓடியது. எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தால் அளவுமானி பூஜ்யம் காட்டியது. பிறகுதான் தெரிந்தது, சில்லுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டிய இணைப்பே கொடுக்கப்படவில்லை. பக்கத்து உறுப்புகளிலிருந்து சமிக்ஞைக் கம்பிகள் வழியாகக் கசிந்து வந்த சொற்ப மின்சாரத்திலேயே அது இயங்கியிருக்கிறது. சிக்கனத்திலிருந்து பிறந்த குளிர்ச்சி அது. பிற்காலத்தில் உலகத்தின் கைப்பேசிகள் ஏறக்குறைய அத்தனையிலும் இந்த வம்சம் குடியேறியதற்கு அந்தச் சுபாவமே முக்கிய காரணம்.

அந்த வம்சத்துச் சில்லை வைத்துப் பெங்களூரிலேயே ஒரு பெரிய முயற்சி நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் என்ற நிறுவனமும் சேர்ந்து, படிப்பறியாத கிராமத்து ஜனங்களும் கையில் பிடித்து உபயோகிக்கும்படியான சிம்ப்யூட்டர் என்னும் கைக்கணினியை உண்டாக்கி 2001-இல் உலகத்துக்குக் காட்டினார்கள். 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு; விசிறி கிடையாது; சிறு பேட்டரிகளில் ஓடும். 2004-இல் நம் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமே அதை அமிதா என்ற பெயரில் தயாரித்து விற்றது. வியாபாரத்தில் அது நிலைக்காமற் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். வெயில் தேசத்து ஏழைக்கென்று செய்யப்படும் கணினி முதலில் சூடேறாத கணினியாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் உறுப்புகளில் எழுதியிருந்தது.

2012 பிப்ரவரி 29-ஆம் தேதி முதல் ராஸ்பெரி பை 35 டாலருக்கு வெளிவந்தபோதும் அந்த எண்ணம் மறையவில்லை. 700 மெகாஹெர்ட்ஸ் வேகம், மூன்றரை வாட்டுக்கு மேற்படாத செலவு. உலோகத் தகடு, விசிறி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு வேகத்தின் மேல் ஆசை வந்தது. 2019-இன் நான்காவது பலகை 1.5 கிகாஹெர்ட்ஸ்; 2023-இன் ஐந்தாவது பலகை 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்த ஐந்தாவதற்கு 27 வாட் மின்வழங்கி பரிந்துரைக்கப்பட்டது. கடினமான வேலைக்கு விசிறி வேண்டும் என்று ஆக்கியவர்களே சொல்லி, அதற்கென்று பலகையிலேயே ஓர் இணைப்பும் வைத்துவிட்டார்கள். சில்லு 50 டிகிரியை எட்டும்போது அந்த விசிறி மெல்லச் சுழலத் தொடங்கி, 60-இலும் 67.5-இலும் வேகம் கூடி, 75-இல் முழு வேகம் பிடிக்கும். மிகவும் நேர்த்தியான ஏற்பாடு. ஆனால் 50 டிகிரி என்பது குளிர்தேசத்தில் உழைப்பின் அடையாளமாக இருக்கலாம். எங்கள் அறையில் பலகை சும்மா இருக்கும்போதே அதை எட்டிவிடும். ஆகவே அங்கே எப்போதாவது சுழலும் விசிறி, இங்கே ஓயாமல் சுழலும்.

விசிறிக்கு நான் விரோதி அல்லன். ஆனால் ஈஜிபுராவின் தூசியை அறிந்தவன். ஈஜிபுரா சந்திப்பிலிருந்து கேந்திரிய சதன் வரை இரண்டரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு மேம்பாலம் கட்டுவதென்று 2017-இல் தொடங்கிய வேலை, நடுவில் நின்று, ஒப்பந்தம் ரத்தாகி, மறுபடி வேறு கைக்குப் போய், வருஷக்கணக்கில் இந்தப் பேட்டையின் மேல் சிமெண்டுப் பொடியைத் தூவியிருக்கிறது. அந்தப் பொடியை விசிறி தன் இறக்கைகளில் பூசிக்கொண்டு, சில்லின் மேல் இருக்கும் அலுமினியச் சீப்பின் பற்களுக்கிடையே அடைத்துவிட்டுச் சில மாதங்களில் முனகத் தொடங்கும். பராமரிக்க ஓர் ஆளும் மாற்றுச் சாமானும் உள்ள அலுவலகத்தில் அது பெரிய காரியமில்லை. தகர அறையில் விசிறி நின்றது யாருக்கும் தெரியாது, யந்திரம் மறுபடியும் தூங்கி வழியும்.

ஆகையால் நாங்கள் வேறு வழிக்குப் போனோம். எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, பெட்டி முழுவதுமே அலுமினியமாக, உட்புறத்தில் சில்லைத் தொடும்படி ஒரு மேடு வார்க்கப்பட்ட ஒன்றை வாங்கினோம். ஹீட் சிங்க் என்று தனியாக ஒரு துண்டை ஒட்டுவதைவிட இது மேல். உடம்பு முழுவதும் வேர்த்து ஆறுவதைப் போல, பெட்டி முழுவதும் சூட்டை வாங்கி வெளியே விடுகிறது. சில்லுக்கும் உலோகத்துக்கும் இடையே வைக்கும் தெர்மல் பேஸ்ட்டைக் குழந்தைக்கு வெண்ணெய் தடவுவதுபோல் தாராளமாகப் பூசக் கூடாது என்று கடைக்காரப் பையன் எச்சரித்தது சரியான எச்சரிக்கை. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை நிரப்பினால் போதும், கனமாகப் பூசினால் அதுவே தடுப்புச் சுவராகும். பிறகு பெட்டியை மேஜையில் படுக்க வைக்காமல், ஜன்னலுக்கு அருகே சுவரில் செங்குத்தாக மாட்டினோம். சூடான காற்று மேலே எழும், அதன் இடத்துக்குக் கீழிருந்து புதுக் காற்று வரும். செலவில்லாத விசிறி அது. பலகையை நிறுத்தி வைத்தால் சூடு குறைகிறது என்று ராஸ்பெரி பை நிறுவனமே 2019-இன் பிற்பகுதியில் சோதித்துச் சொல்லியிருக்கிறது.

இதற்கும் மேலே அக்கா மகன் ஒரு காரியம் செய்தான். யந்திரத்தின் உச்ச வேகத்தை 1.5-இலிருந்து 1.2 கிகாஹெர்ட்ஸாகத் தானே குறைத்து வைத்தான். சில்லின் சூடு வேகத்தின் மடங்காகவும், மின்னழுத்தத்தின் வர்க்கமாகவும் ஏறுவது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அதனால் மின்னழுத்தமும் பத்தில் ஒரு பங்கு குறையுமானால், வேலையினால் எழும் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். ஓடி இளைத்து உட்காருவதற்குப் பதில் ஒரே சீராக நடக்கலாம். இத்தனைக்கும் பிறகு, மறுபடியும் 38 டிகிரியான ஒரு பிற்பகலில், அதே காணொளி ஓடும்போது 64 டிகிரி காட்டியது. சிறுமி வித்தியாசத்தைத் தானே கண்டுகொண்டாள், நாங்கள் சொல்லவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: அறையே 38 டிகிரியாக இருக்கும்போது யந்திரத்தைப் பற்றி என்ன அத்தனை கவலை, குழந்தைகளைப் பற்றியல்லவா கவலைப்பட வேண்டும் என்று. முற்றிலும் நியாயமான கேள்வி. வளர்ந்த மனிதர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறார். அந்தச் சிறு அறையில் எட்டுக் குழந்தைகளின் உடம்புச் சூட்டுக்கு முன்னால் கணினியின் ஆறு வாட் ஒரு பொருட்டே அன்று. தகரத்தின் கீழ் வாழ்வது என்றால் என்னவென்று இந்தப் பேட்டைக்குத் தெரியும். இங்கிருந்த, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான இ.டபிள்யூ.எஸ். குடியிருப்பின் கட்டடங்கள் பாழான பின் அதே நிலத்தில் தகரக் கொட்டகைகளில் காலந்தள்ளிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள், தமிழ் பேசுவோர் பலர் உட்பட, 2013 ஜனவரியில் அந்தக் கொட்டகைகளும் இடிக்கப்பட்டுத் தெருவுக்கு வந்தன. யந்திரத்தின் சூட்டை நான் அளந்து பேசுவது, எண்ணைக் காட்டினால்தான் நம் தேசத்தில் அதிகாரிகள் காதுகொடுக்கிறார்கள் என்பதால். குழந்தைக்கு வேர்க்கிறது என்றால் பழக்கம் என்பார்கள். சில்லு 84 டிகிரி என்றால் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த எண் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லட்டும்.

என் கோரிக்கை ஒன்றுதான். இத்தகைய சிறு கணினிகளைப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் மொத்தமாக வாங்கும் வழக்கம் நம் பக்கத்தில் பரவி வருகிறது. 2015-இலேயே கேரள அரசு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ராஸ்பெரி பை கொடுக்கத் தொடங்கியது. வாங்குகிறவர்கள் விலைப்புள்ளி கேட்கும்போது வேகம் எவ்வளவு, ஞாபகசக்தி எவ்வளவு, விலை எவ்வளவு என்று மூன்றையும் எழுதுகிறார்கள். நான்காவதாக ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும்: நாற்பது டிகிரி அறையில், தரப்படும் அதே பெட்டிக்குள் மூடிய நிலையில், ஒரு மணி நேரம் முழு வேலை செய்தும் இந்தக் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. இதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு தகரக் கொட்டகையும் ஒரு மே மாதமும் போதும். இந்த ஒரு வாக்கியம் இருந்தால் பிளாஸ்டிக் டப்பாக்கள் தாமாகவே விலகிப்போகும், உலோகப் பெட்டியின் சில நூறு ரூபாய் 'உபரிச் செலவு' என்று அடிக்கப்படாமல் கணினியின் விலையிலேயே சேரும். சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்ற பெயரிலும், திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனத்தில் வேகா என்ற பெயரிலும் நம் நாட்டுச் சில்லுகள் உருவாகிவருகின்றன. நாளைக்கு அவற்றை வைத்து நம் குழந்தைகளுக்கான பலகை செய்யப்போகிறவர்கள், கேம்பிரிட்ஜின் சீதோஷ்ணத்தைக் கடன்வாங்காமல் வேலூரின் மே மாதத்தை மனத்தில் வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் அறையில் இன்னும் ஒரு வேலை பாக்கி. தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும், அறை சில டிகிரியாவது தணியும், குழந்தைகளுக்கும் கணினிக்கும் ஒருசேர அது உதவும். மழை ஓய்ந்து தகரம் காய்ந்ததும், பிப்ரவரி வெயில் ஏறுவதற்குள், அடித்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பு வாங்கியாகிவிட்டது, படிக்கட்டின் அடியில் மூட்டையாக இருக்கிறது.